பெண் பார்க்கப் போய் போல்ட் கழற்றிய கதை

பெண் பார்க்கப் போகிறவன் அந்த வீட்டில் பஜ்ஜியைத் தவிர வேறு எதையும் கையில் எடுக்கக் கூடாது. எந்தப் பெரியவரும் இதை எனக்குச் சொல்லித் தரவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம். (கேட்டிருக்க மாட்டேன்.) நான் ஸ்பேனரை எடுத்தேன்.

அறுபதுகளின் நடுவில், பம்பாய் குர்லாவில் ஓர் இஞ்சினியரிங் கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். காலையிலிருந்து சாயங்காலம் வரை போல்ட், நட்டு, வாஷர் என்று அடித்துத் தள்ளுவேன். 'ஹெக்ஸகனல்' என்ற வார்த்தையைக் கண்ணை மூடிக்கொண்டு தப்பில்லாமல் அடிப்பேன். ஆனால் ஒரு போல்ட்டைக் கையில் எடுத்து இது எந்தப் பக்கம் சுற்றும் என்று பார்த்தது கிடையாது. மீன் வியாபாரியின் கணக்கை எழுதுகிறவன் தனக்கு நீச்சல் தெரியும் என்று நம்புவதைப் போல, மிஷின் விவகாரம் எல்லாம் எனக்கு அத்துப்படி என்று ஓர் எண்ணம் மட்டும் இருந்தது.

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் சித்தப்பா வீட்டில் இருந்தேன். அப்பாவும் அம்மாவும் ஊரில். அதனால் எனக்குப் பெண் பார்க்கும் பொறுப்பு சித்திக்கு. செம்பூரில் ஒரு வீடு, நம்ம பக்கத்து ஆட்கள், பெண் எஸ்.எஸ்.எல்.சி., டெலிபோன் ஆபரேட்டர் என்று தகவல் கொண்டுவந்ததும் சித்திதான். ஞாயிற்றுக்கிழமை ராகுகாலத்துக்கு முன்னால் பார்த்துப் பேசி எழுந்துவிட வேண்டும் என்று கணக்குப் போட்டு எங்களை பஸ் ஏற்றினாள்.

அன்றைக்கு என் கோலத்தைச் சொல்ல வேண்டும். புது டெரிலின் சட்டை, வெள்ளை வெளேரென்று. கஞ்சி போட்டது போல விறைத்து நிற்கும் பேன்ட். மூக்குக்குக் கீழே பென்சிலால் கோடு இழுத்த மாதிரி ஒரு மீசை. அந்த மீசையை ஒழுங்கு பண்ணிக் கண்ணாடி முன்னால் நின்ற நேரத்தில் ஓர் ஆள் தாராவிக்கு நடந்தே போய்த் திரும்பியிருக்கலாம்.

செம்பூரில் வரிசை வீடுகள். பெண்ணின் வீட்டு வாசலில் தகரக் கூரை போட்ட சின்ன இடம். அதற்குக் கீழே ஒரு பழைய பட்டாளத்து மோட்டார் சைக்கிள். அதன் முன்னால் முண்டா பனியனும் மடித்துக் கட்டிய வேட்டியுமாக ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் வந்து நின்றதை அவர் கவனிக்கவில்லை. இன்ஜினுக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டு யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

"மெக்கானிக்கா இருக்கும்" என்றார் சித்தப்பா மெதுவாக.

உள்ளேயிருந்து ஓர் அம்மாள் ஓடி வந்தார். "இங்க பாருங்க, மாப்ள வீட்டுக்காரவிய வந்துட்டாவ! கையக் கழுவிட்டு வாங்கன்னு மத்தியானத்துல இருந்து தொண்டை கிழியக் கத்துதேன். இந்த மனுசன் காதுல விழுதா?"

அந்த மனுசன்தான் பெண்ணின் அப்பா. சுடலைமுத்து. சாயத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். குர்லா பழைய இரும்புச் சந்தையில் ஆசையாக வாங்கி வந்த வண்டி, சில மாதம் ஓடிப் பிறகு நின்றுவிட்டது. ஒரு வருஷமாக ஞாயிறுதோறும் அதைத் திறந்து பார்க்க முயன்றிருக்கிறார். பொறுமை போன அவர் மனைவி பேச்சியம்மாள், பழைய இரும்பு வாங்கும் பங்கார்வாலாவை வரச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை காலையில் அவன் வந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போவான். இன்றைக்குள் இன்ஜின் திறந்தால்தான் வண்டி மிஞ்சும். மகளைப் பெண் பார்க்கும் நாளில் அவர் ஏன் எண்ணெய்க் கையோடு உட்கார்ந்திருந்தார் என்றால், இதற்காகத்தான்.

"வாங்க, வாங்க" என்று எங்களைப் பார்த்துச் சொன்னவர், அதே மூச்சில், "இன்ஜின் மண்டைய நாலு போல்ட்டு புடிச்சிருக்கு. மூணு வந்துட்டு. இந்த நாலாவது சனியன் ஜாம் ஆயிட்டு, அசையவே மாட்டேங்கு" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி இன்ஜினீரிங் கம்பெனிலதான இருக்கீங்க?"

"ஆமா மாமா. ஆனா நான் டைப்பிஸ்ட்" என்றேன். (இதை நான் சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன். பிற்காலத்தில் பலர் இதை மறந்துவிட்டார்கள்.)

"டைப்ரைட்டரும் மிஷின்தான? அதுல போல்ட்டு இல்லையா?"

இருந்தது. போன மாதம்தான் என் டைப்ரைட்டரில் ஒரு திருகாணி கழன்று விழுந்து, நானே சட்டைப் பித்தானால் திருகி மாட்டினேன். அந்த வெற்றி அந்த நேரம் பார்த்து என் தலைக்குள் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"கொண்டாங்க பாப்போம்" என்றேன்.

"அந்தப் பானாவ எடுங்க" என்றார் அவர். பம்பாயில் ஸ்பேனருக்குப் பெயர் பானா. இது தெரியாத சித்தி, "பானை எதுக்கு அண்ணாச்சி? அடுப்படியில கேக்கட்டுமா?" என்று உள்ளே போகப் பார்த்தாள். சித்தப்பா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

முதல் முயற்சி சுருக்கமாக முடிந்தது. ஸ்பேனரை மாட்டினேன். மூச்சைப் பிடித்தேன். இழுத்தேன். ஏதோ வழுக்கிக்கொண்டு வந்தது. "வந்துட்டு மாமா!" என்று கத்தினேன். வந்தது போல்ட் இல்லை. என் விரல் முட்டித் தோல். ஸ்பேனர் ஒரு சைஸ் பெரிது. ஆறு முனையோடு ஜம்மென்று இருந்த போல்ட்டின் தலை இப்போது கடலை உருண்டை மாதிரி ஆகியிருந்தது.

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்திருப்பான். எனக்கோ உடம்பெல்லாம் ஒரு வைராக்கியம் ஏறியது. ஊரில் இளவட்டக்கல்லைத் தூக்க முடியாமல் திரும்பியவனை ஆயுசுக்கும் கேலி பேசுவார்கள். ஒரு விரல் நீளம்கூட இல்லாத இரும்புத் துண்டிடம் தோற்றுப் போவதா? "இத எடுக்காம நான் காப்பி குடிக்க மாட்டேன்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். சுடலைமுத்து மாமாவின் கண் கலங்கியதைப் பார்த்தேன். ஒரு வருஷமாக இப்படி ஒரு ஆளைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தார் போல.

"ஏல தங்கராசு, ராகுகாலம் வந்துரும்ல" என்றாள் சித்தி.

"அதுக்குள்ள எடுத்துருவேன் சித்தி."

மண்ணெண்ணெய் ஊற்றினால் துரு இளகும் என்றார் மாமா. ஊற்றினோம். சூடு காட்டினால் இரும்பு விட்டுக்கொடுக்கும் என்றேன் நான். (இதை நான் எங்கோ டைப் அடித்திருந்தேன்.) மாமா உள்ளே போய், பஜ்ஜிச் சட்டியை இறக்கிக் கீழே வைத்துவிட்டு, பம்ப் ஸ்டவ்வை எரிய எரியத் தூக்கிக்கொண்டு வந்தார். பின்னாலேயே பேச்சியம்மாள் கரண்டியோடு வந்தார். "பாதி பஜ்ஜி வேகலையே! ஐயோ, வந்தவங்களுக்கு என்னத்தக் குடுப்பேன்?"

ஊற்றியது மண்ணெண்ணெய், கொண்டுவந்தது நெருப்பு. இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க அங்கே யாருக்கும் நேரம் இல்லை. நான் போல்ட்டின் பக்கத்தில் குனிந்து, "இன்னும் கொஞ்சம் கிட்டக் கொண்டாங்க மாமா" என்றேன். அவர் கொண்டுவந்தார்.

'பொக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். பெரிய தீ ஒன்றும் இல்லை. எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. பேச்சியம்மாள் செம்புத் தண்ணீரை என் முகத்தில் வீசினார். கண்ணைத் திறந்தபோது எல்லாரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

"என்ன சித்தப்பா?"

"ஒண்ணுமில்ல. மீசை" என்றார்.

தடவிப் பார்த்தேன். வலது பக்கம் இருந்தது. இடது பக்கம் பொரிந்துபோய்க் கையோடு வந்தது. டெரிலின் சட்டை எரியாது, உருகும் என்பதையும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நெஞ்சில் ஒரு ஓட்டை. சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா என்று இன்றுவரை சொல்லவில்லை.

"போதும்ல, எந்திரி" என்றார் சித்தப்பா.

"மீசை போச்சு. இனிமே எதுக்குப் பயப்படணும்?" என்றேன். இப்படி ஒரு வீர வசனத்தை அரை மீசையோடு சொன்னவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மாமா பெட்டியைக் கொட்டி ஒரு பைப் ரெஞ்ச் எடுத்தார். அது எதையும் பல்லால் கடித்துப் பிடிக்கும். உருண்டையாகிப் போன போல்ட் தலையை அது கவ்விக்கொண்டது. ஆனால் கைப்பிடி குட்டை. எவ்வளவு முக்கினாலும் பலம் போதவில்லை. கைப்பிடியில் ஒரு நீளமான இரும்புக் குழாயைச் செருகி நெம்பினால் வரும் என்று எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. குழாய்க்கு எங்கே போவது? வாசலில் தேடினோம். கக்கூஸ் பக்கம் தேடினோம். பக்கத்து வீட்டில் கேட்டோம். கிடைக்கவில்லை. மாமா சட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

முன்னறைக்கும் உள்ளறைக்கும் நடுவில் கதவு கிடையாது. ஒரு இரும்புக் குழாயில் பழைய சேலையைத் தொங்கவிட்டுத் திரை கட்டியிருந்தார்கள். மாமா எக்கி, குழாயை இரண்டு கையாலும் பிடித்து உருவினார். சேலை பொத்தென்று கீழே விழுந்தது.

திரைக்குப் பின்னால், டிரங்குப் பெட்டியின் மேல், பட்டுச் சேலையும் தலை நிறையப் பூவுமாக மணப்பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் பஜ்ஜித் தட்டு. வாய் நிறைய பஜ்ஜி.

இதெல்லாம் பிறகு மற்றவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டது. நான் பார்த்தது குழாயை. நல்ல கெட்டியான, வளைவில்லாத, நான் மனதில் நினைத்த அதே அளவுக் குழாய். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, தொண்டை தழுதழுக்க, "ஆகா! இதுதான் வேணும்! இதத்தான் தேடிட்டு இருந்தேன்!" என்றேன்.

வாசலிலிருந்து எட்டிப் பார்த்த சித்தியும் பேச்சியம்மாளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம்.

"உயரமும் சரியா இருக்கு" என்றேன். மாமா கையிலிருந்து வாங்கித் தூக்கிப் பார்த்து, "கொஞ்சம் கனம்தான். இருந்தா என்ன, அப்பதான் வளையாது" என்றும் சொன்னேன்.

சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடிவிட்டேன்.

குழாயைச் செருகி மூன்று பேரும் பிடித்தோம். நானும் மாமாவும் வண்டிக்கு இந்தப் பக்கம், சித்தப்பா அந்தப் பக்கம். "ஏக், தோ, தீன்!" என்று மாமா கத்த, மூவரும் உயிரைக் கொடுத்துத் தள்ளினோம். அசையவில்லை. மறுபடி. அசையவில்லை. வேர்த்து ஊற்றியது. வரிசை வீட்டுச் சனமெல்லாம் கூடிவிட்டது. யாரோ டிரான்சிஸ்டரை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்கள். கடைசியில் பேச்சியம்மாள்தான் கேட்டார்: "இவிய ரெண்டு பேரும் அங்கிட்டுத் தள்ளுதாவ. நீங்க எதுக்கு அண்ணாச்சி இங்கிட்டுத் தள்ளுதீங்க?"

எதிரும் புதிருமாக நின்றுகொண்டு, அவரவர் முன்பக்கம் தள்ளியிருக்கிறோம். போல்ட் பாவம், என்ன செய்யும்?

சித்தப்பா வெட்கத்தோடு எங்கள் பக்கம் வந்தார். மூன்று பேரின் பலமும் முதல்முறையாக ஒரே திசையில் போனது. கிர்ர் என்று ஒரு முனகல். "வருது, வருது! விடாதீங்க!" என்று நான் கத்த, 'டப்' என்று துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். குழாய் கையை விட்டுப் பறந்தது. நான் மல்லாக்க விழுந்தேன். என் மேல் மாமா. மாமா மேல் சித்தப்பா. எல்லாருக்கும் கீழே, சித்தி ஆசை ஆசையாக அடுக்கிக் கொண்டுவந்திருந்த பழத் தட்டு.

முதுகில் வாழைப்பழம் வழிய எழுந்து பார்த்தேன். போல்ட் வரவில்லை. அதன் தலை மட்டும் முறிந்து தரையில் கிடந்தது. உடல் உள்ளேயே நின்றுவிட்டது.

"தலை முறிஞ்சிட்டே!" என்று சித்தி அலறினாள். "நல்ல காரியம் பேச வந்த இடத்துல இப்படியா? ராகுகாலமும் வந்துட்டு. எந்திரிங்க, போவோம்."

மாமா அந்த முறிந்த தலையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையில் வரப்போகிற பங்கார்வாலா அவர் கண்ணில் தெரிந்திருப்பான். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. அதுவரை நான் இழுத்தது என் பெருமைக்காக. அதற்குப் பிறகு இழுத்தது அந்த மனுஷர் முகத்துக்காக.

"நீங்க முன்னால போங்க சித்தி. நான் மீதிய எடுத்துட்டுத்தான் வருவேன்" என்றேன்.

போல்ட்டின் தலை போனதில் ஒரு நன்மை இருந்தது. அந்தத் தலைதானே இன்ஜின் மண்டையை அழுத்திப் பிடித்திருந்தது? அது போனதும், சுற்றிலும் மரக்கட்டையை வைத்து லேசாகத் தட்டத் தட்ட, மண்டை மெல்ல மேலே எழும்பித் தனியாக வந்துவிட்டது. முறிந்த போல்ட்டின் மிச்சம் முளைக்குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. இப்போது அதை ரெஞ்சால் பிடிக்கலாம்.

இந்த முறை நான் முக்கவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த ஒரே ஞானம் அதுதான். எண்ணெய் விட்டோம். காத்திருந்தோம். நாலு புறமும் தட்டினோம். மயிரிழை அந்தப் பக்கம் திருப்பி, மயிரிழை இந்தப் பக்கம் திருப்பி, அடம்பிடிக்கிற குழந்தைக்குச் சோறு ஊட்டுவது போல. வேடிக்கை பார்த்தவர்கள் அலுத்துப்போய்க் கலைந்தார்கள். சித்தப்பா சுவரில் சாய்ந்து தூங்கினார். என்னை விட்டுப் போக மனமில்லாமல் சித்தியும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். ராகுகாலம் வந்து, உட்கார்ந்து, எழுந்தும் போய்விட்டது. ஒரு கட்டத்தில் அந்தத் துண்டு ஒரு நெடிய 'கிரீச்' சத்தத்தோடு அரைச் சுற்று சுற்றியது. பிறகு முழுச் சுற்று. பிறகு, இவ்வளவு நேரம் எதற்கு அடம்பிடித்தோம் என்று தனக்கே தெரியாதது போல, என் விரலோடு வந்துவிட்டது.

மாமா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். உருகாமல் மிச்சமிருந்த சட்டையும் கறுப்பானது.

"தெறந்தாச்சு! ஏ பேச்சி, தெறந்தாச்சு! நாளைக்கு எவனும் வரக் கூடாது!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். அப்புறம் இருவரும் ஆசையோடு குனிந்து இன்ஜினுக்குள் பார்த்தோம்.

உள்ளே பிஸ்டனும் ஜாம் ஆகியிருந்தது. துருப்பிடித்துச் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டு, போல்ட்டெல்லாம் எனக்கு ஜுஜுபி என்பது போல உட்கார்ந்திருந்தது.

பிறகு மாமா என் தோளில் கை போட்டு, "சரி மாப்ள. அடுத்த ஞாயித்துக்கெழம வெள்ளன வந்துருங்க" என்றார்.

அந்த 'மாப்ள'தான் எங்கள் நிச்சயதார்த்தம். சித்தி சட்டென்று எழுந்து பேச்சியம்மாளுக்குக் குங்குமம் கொடுத்தாள். எனக்கு ஆறிப்போன காப்பி வந்தது. யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்று பார்க்கவில்லை. இரண்டு கையும் கிரீஸ். பிஸ்டனையே பார்த்துக்கொண்டு குடித்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை. (மண்ணெண்ணெய் வாடை.) முன் சீட்டிலிருந்து சித்தி திரும்பினாள். "எப்படியோ, பொண்ணப் பாத்த ஒடனே பிடிச்சிருக்குன்னு நீயே வாயத் தெறந்து சொல்லிட்ட. எனக்குத்தான் ஒரு மாதிரியாப் போச்சு. கனமா இருக்கான்னெல்லாமா சபையில சொல்லுவாங்க?"

"எந்தப் பொண்ண?" என்றேன்.

சித்தி என் அரை மீசையை உற்றுப் பார்த்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். பஸ் சயான் வந்து சேர்ந்தது. இறங்கும்போது, "இந்த விஷயத்த நீ செத்தாலும் வெளிய சொல்லாத" என்றாள்.

நான் சொல்லவில்லை. மறு ஞாயிற்றுக்கிழமை பிஸ்டனுக்காகப் போனபோதுதான் மரகதத்தை ஒழுங்காகப் பார்த்தேன். அழகாக இருந்தாள். கனமாகவும் இல்லை. மூன்று மாதத்தில் கல்யாணம். கல்யாண போட்டோவில் எனக்கு மீசையே கிடையாது. ஒரு பக்கம் வளர்வதற்குள் மறுபக்கம் காடாகிவிட்டதால் இரண்டையும் எடுத்துவிட்டேன்.

ரகசியத்தை உடைத்தது சித்திதான். எங்கள் மகனுக்குப் பெயர் வைத்த விருந்தில், பாயசம் குடித்த சந்தோஷத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. மரகதம் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே நிதானமாகச் சொன்னாள்:

"எனக்கு அன்னைக்கே தெரியும் சித்தி. இவங்க கண்ணு எங்க இருந்துச்சுன்னு நான் பாக்கலையா? நான் மட்டும் இவங்களயா பாத்தேன்? ஒரு வருசமா சண்டே சண்டே அப்பாவுக்கு ஸ்பேனர் எடுத்துக் குடுத்தே என் லீவெல்லாம் போச்சு. ஒரு மேட்னி ஷோ பாத்ததில்ல. இந்த ஆளு விடாம முட்டிக்கிட்டு நின்னதப் பாத்ததும், சலோ, அப்பாவுக்கு ஆள் கெடச்சாச்சு, நமக்கு இனிமே சுட்டி, லீவுன்னு தலையாட்டிட்டேன்."

கல்யாணத்துக்குப் பிறகு என் ஞாயிறுகள் எங்கே போயின என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நானும் மாமாவும் அந்த வண்டியோடு மல்லுக்கட்டிய நாளெல்லாம் அவளும் பேச்சியம்மாளும் மாட்டுங்காவில் மேட்னி பார்த்திருக்கிறார்கள்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது கடையில் போய் ஒரு சாமானைப் பார்த்து ஆசைப்பட்டால், "இதுதான் வேணும், கொஞ்சம் கனம்தான்" என்று இன்னொருவர் சொல்லாமல் விடுவதில்லை. பெயர் வைத்த விருந்தில் தோளில் தூங்கிய அந்த மகன் வளர்ந்து ஆளாகி, முலுண்டில் ஒரு பெண்ணைப் பார்க்கக் கிளம்பினான். வாசல்வரை வந்த மரகதம், அவன் காலரைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்:

"ஏல, அங்க போய்ப் பொண்ணப் பாரு. குழாய் கிழாய் இருந்தா அப்பா பாத்துக்குவாங்க."